நான் சொன்னத மட்டும் எழுதுங்கக்கா

போன மாசம் கோவில்பட்டில பெரியப்பா மகன் வீட்டு கிரகப்பிரவேசம். பந்தி முடிஞ்சு, வெத்தலை போட்டுக்கிட்டு எல்லாரும் வாசல் பந்தல்ல நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்திருந்தோம், அப்பதான் எனக்கு போன் வந்துச்சு. "அக்கா, திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு, வந்துருவீங்கல்ல?" வந்துருவேன்ப்பா, ஹால் டிக்கெட்ட எடுத்து வச்சுக்கோன்னு சொல்லிட்டு வச்சேன். பக்கத்துல இருந்த அண்ணே யாரும்மான்னு கேட்டாரு. கண் தெரியாத பையன்ணே, எம்.ஏ. படிக்கிறான், பரிட்சைக்கு அவன் சொல்லச் சொல்ல நான் எழுதணும்னு சொன்னேன். "லீவு போட்டுட்டா போற?" ஆமாண்ணே. "காசு எதுவும் குடுப்பாங்களா?" இல்லண்ணே. "போக வர ஆட்டோ?" அதெல்லாம் நம்ம காசு தான்ணே. கொஞ்ச நேரம் பந்தல் மூங்கிலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவா, "இதுல உனக்கு என்னம்மா கிடைக்குது?"ன்னாரு.

அண்ணே குத்திக் காட்டுறதுக்காகக் கேக்கல. பதினாறு வயசுல லேத் பட்டறைல எடுபிடியா சேந்து, இன்னைக்கு சொந்தமா பட்டறை வச்சு, அந்தக் காசுல இந்த வீட்டக் கட்டியிருக்காரு. ஒரு மணி நேரத்துக்கு என்ன விலைன்னு அவருக்குத் தெரியும். நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு தான் கேட்டாரு. நான் "ஒரு திருப்திண்ணே"ன்னு சொன்னேன். அவரும் சரிம்மான்னு தலையாட்டிட்டு, அடுத்து வந்த சொந்தக்காரங்கள வாங்கன்னு சொல்ல எந்திரிச்சுப் போயிட்டாரு. ஆனா அந்த திருப்திங்குற வார்த்தை எனக்கு தொண்டைல மீன் முள்ளு மாதிரி நின்னுக்கிச்சு. ராத்திரி சென்னை பஸ்ல சாத்தூர், விருதுநகர், மதுரைன்னு ஒவ்வொண்ணா தாண்டுது, தூக்கமே வரல. வயிறு நெறைய சாப்ட்டாலும் திருப்தின்னு தான் சொல்றோம், புடவை எடுத்தாலும் அதையே தான் சொல்றோம். அந்த பரிட்சை ரூமுக்குள்ள எனக்கு நடக்குறது அது இல்ல. அப்ப என்ன? அண்ணன்கிட்ட ஒழுங்கா பதில் சொல்லாம வந்துட்டேனேன்னு ஒரு உறுத்தல், அதுக்காகத் தான் இத எழுத உக்காந்திருக்கேன்.

2014ல இது ஆரம்பிச்சப்போ நான் ஒண்ணும் பெருசா யோசிச்செல்லாம் போகல. ஆபீஸ்ல எனக்கு அடுத்த சீட்ல இருந்த பொண்ணு தான் ரெகுலரா போய்க்கிட்டு இருந்தா, ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல், நாளைக்குக் காலைல பரிட்சை, வேற ஆள் கிடைக்கலன்னு அழாத குறையா போன் பண்ணா. சரின்னு போனேன். என்ன செய்யணும்னு கூட சரியாத் தெரியாது. போட்டோ, ஐடி கார்டு ஜெராக்ஸ், துறைத் தலைவர் கையெழுத்து போட்ட லெட்டர், எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு, மத்தவங்களுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேரையும் தனி ரூம்ல உக்கார வச்சாங்க. ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிஷம் வீதம் கூடுதல் நேரம் உண்டு, அதனால மூணு மணி நேரப் பரிட்சை நாலு மணி நேரம் போகும். கேள்வித்தாளை நான் வாசிக்கணும், எல்லாக் கேள்வியையும் கேட்டுட்டு எது எதை எழுதப் போறோம்னு அவங்க முடிவு பண்ணுவாங்க, அப்புறம் சொல்லுவாங்க, நான் எழுதணும். கேக்க எவ்வளவு சுலபமா இருக்கு. நாலு மணி நேரம் முடிஞ்சு வெளிய வந்தப்போ நடு விரல் முதல் கணுவுல பேனா அழுத்தி பள்ளமே விழுந்திருந்துச்சு, தோள்பட்டை கழண்டு போச்சு, ஆனா பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தப்போ ஏதோ பாரத்த எறக்கி வச்ச மாதிரி ஒரு லேசு. அந்த லேசு எங்கருந்து வந்துச்சுன்னு அப்ப தெரியல.

இதுல இறங்காதவங்களுக்குத் தெரியாத ஒரு பயம் இருக்கு, அத மட்டும் சொல்லிடுறேன். பார்வை இல்லாத பசங்களுக்கு கேள்வித்தாள் கஷ்டமா இருக்குமோங்குற பயம் ரெண்டாவது தான். வர்றேன்னு சொன்ன ஆள் வருவாங்களா மாட்டாங்களாங்குறது தான் முதல் பயம். ஆறு மாசம் படிச்சிருப்பாங்க, பத்து மணிக்கு பரிட்சை, ஒன்பதே முக்காலுக்கு போன் பண்ணா சுவிட்ச் ஆஃப்னு வரும். கேட்டுக்குப் பக்கத்துல வெள்ளைக் குச்சிய மடக்கி கைல வச்சுக்கிட்டு, யாரு செருப்பு சத்தம் கேட்டாலும் அந்தப் பக்கமா முகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிற ஒரு பையன நான் பாத்திருக்கேன். நான் வேற ஒருத்தருக்கு எழுத வந்திருந்தேன். அவனுக்கு ஆள் வந்தாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த முகம் மறக்கல. அதுக்கப்புறம் ஒத்துக்கிட்ட பரிட்சைக்கு நான் போகாம இருந்ததே இல்ல. ஒரு தடவ என் மகனுக்கு உடம்பு சரியில்லாம போனப்பக் கூட வீட்டுக்காரர லீவு போட வச்சுட்டுப் போயிருக்கேன்.

வெல்லெஸ்லி

2016 ஏப்ரல். பி.ஏ. வரலாறு, தமிழ் மீடியம். திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்துப் பொண்ணு, ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சுக்கிட்டு இருந்தா. பேரு வேண்டாம். அதுக்கு முன்னாடி ரெண்டு செமஸ்டரா அவளுக்கு நான் தான் எழுதுறேன். அவளுக்கு பாடப் புஸ்தகத்த போன்ல வாசிச்சு ரெக்கார்ட் பண்ணியும் அனுப்புவேன், ராத்திரி சமையல் ரூம்ல நின்னுக்கிட்டே தான், வேற நேரம் எனக்குக் கிடைக்காது. குக்கர் விசிலும் சேந்து பதிவாயிரும். அவ ஒரு நாள் சொன்னா, "வேலூர் புரட்சி பாடத்துல மூணாவது விசில் வந்ததும் திப்பு சுல்தான் பசங்க வருவாங்கக்கா, விசில நெனச்சா மொத்த பாடமும் ஞாபகம் வந்துரும்". 1806ஐ அவ என் வீட்டு குக்கர் சத்தத்துல முடிச்சுப் போட்டு வச்சிருந்தா. அவ அப்படிச் சொன்னப்போ எனக்கு என்ன செய்யிறதுன்னே தெரியல, அன்னைக்கு வீட்டுக்கு வந்து அந்தக் குக்கரக் கழுவும்போது தனியா நின்னு அழுதேன்.

அந்த ஏப்ரல் பரிட்சைல பிரிட்டிஷ்காரங்களோட நிலவரி முறைகள் பத்தி ஒரு பெரிய கேள்வி. அவ சொல்ல ஆரம்பிச்சா. "நிலையான நிலவரித் திட்டம், 1793ஆம் ஆண்டு, வங்காளத்தில், வெல்லெஸ்லி பிரபுவால் கொண்டு வரப்பட்டது, புள்ளி." எனக்கு பேனா நின்னுருச்சு. நான் படிச்சது பி.காம் தான், ஆனா கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு வருஷம் டி.என்.பி.எஸ்.சி.க்கு உக்காந்து படிச்சவ. 1793 காரன்வாலிஸ். வெல்லெஸ்லி கொண்டு வந்தது துணைப்படைத் திட்டம். இத தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அவளும் எனக்குத் தெரிஞ்சு காரன்வாலிஸ்னு சரியாச் சொல்லிப் பாத்தவ தான், நான் தான அந்தப் பாடத்த வாசிச்சு அனுப்புனேன். ஏதோ பதட்டத்துல மாத்திட்டா. மேற்பார்வைக்கு வந்தவங்க ஜன்னல் பக்கம் உக்காந்து விடைத்தாள் கட்ட எண்ணிக்கிட்டு இருந்தாங்க. நான் காரன்வாலிஸ்னு எழுதுனேன். அதோட விடல. ரயத்துவாரி முறைல அவ தாமஸ் மன்றோ பேர விட்டுட்டா, அதையும் நடுவுல சேத்தேன். ரெண்டு பாயிண்ட் கூட வந்துச்சு. மனசு குளுந்து போச்சு எனக்கு. பாவம், நல்ல பிள்ளை, நம்மளால ஒரு அஞ்சு மார்க் கூட வரட்டுமேன்னு. அந்த நிமிஷம் நான் என்னைப் பத்தி ரொம்ப நல்லவிதமா நெனச்சுக்கிட்டேன், அத மறைக்க விரும்பல.

ஒரு கேள்வி முடிஞ்சதும் எழுதுனத திரும்ப வாசிச்சுக் காட்டணும், அது எங்களுக்குள்ள பழக்கம். வாசிச்சேன். காரன்வாலிஸ் வந்த இடத்துல அவ தலைய லேசா சாச்சா. மன்றோ வந்ததும் கைய நீட்டி, விடைத்தாள் எங்க இருக்குன்னு தடவி, அது மேல உள்ளங்கைய வச்சுட்டா. நான் வாசிக்கிறத நிறுத்திட்டேன். "அக்கா, நான் வெல்லெஸ்லின்னு தான சொன்னேன்?" ரொம்ப சின்னக் குரல்ல கேட்டா. நான் அதவிட சின்னக் குரல்ல, காரன்வாலிஸ் தான்ம்மா சரின்னேன். "இருக்கும்க்கா. நீங்க சொன்னா சரியாத் தான் இருக்கும். ஆனா நான் சொன்னத மட்டும் எழுதுங்கக்கா." கையை எடுத்தா. நான் காரன்வாலிஸ அடிச்சுட்டு மேல வெல்லெஸ்லின்னு எழுதுனேன். மன்றோ இருந்த ரெண்டு வரியையும் அடிச்சேன். பேனா புடிச்ச கை நடுங்குச்சு. மீதி நேரம் முழுக்க அவ குரல் கொஞ்சம் கூட மாறல, கமா, புள்ளி, அடுத்த பத்தின்னு நிதானமா சொல்லிக்கிட்டே போனா. எனக்குத் தான் நிமிந்து பாக்க முடியல.

பரிட்சை முடிஞ்சு காலேஜ் வாசல்ல ஒரு வேப்ப மரம், அதுக்கடியில டீக்கடை. எப்பவும் ரெண்டு டீ, ரெண்டு பட்டர் பிஸ்கட் சாப்ட்டுட்டு தான் அவள ஹாஸ்டல்ல விடுவேன். அன்னைக்கு அவளே பேச்ச எடுத்தா. பத்தாவதுல இவ சமூக அறிவியல்ல தொண்ணூத்திரெண்டு. ஊரே கூடிப் பாராட்டுச்சு. அடுத்த நாள் பக்கத்து வீட்டு அத்தை அவங்க அம்மாகிட்ட, "எழுதுன டீச்சர் நல்ல டீச்சர் போலருக்கு"ன்னு சொன்னாங்களாம். அந்த ஒரு வார்த்தை. "அன்னைலருந்து அந்த மார்க் எனக்கு இல்லாம போச்சுக்கா. அந்த டீச்சர் ஒரு எழுத்து கூட சேத்து எழுதல, எனக்குத் தெரியும். ஆனா யாருகிட்டப் போய் நிரூபிப்பேன்? எனக்கே சில நாள் சந்தேகம் வந்துரும், நெஜமாவே நான் தான் சொன்னேனான்னு. நீங்க இப்படிப் பண்ணீங்கன்னா இனிமே வர்ற எந்த மார்க்கும் எனக்கு என்னுதா இருக்காதுக்கா." இத அவ கோவமா சொல்லல. டீ கிளாஸ ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, ஆத்திக் குடிக்கக் கூட மறந்து போய், எனக்குப் புரியணுமேங்குற கவலைல சொன்னா. என்ன மன்னிச்சிரும்மான்னேன். "அய்யோ என்னக்கா நீங்க"ன்னு என் கையத் தேடிப் புடிச்சுக்கிட்டா.

அந்தப் பேப்பர்ல அவளுக்கு நாப்பத்தேழு வந்துச்சு. ரிசல்ட் வந்த அன்னைக்கு போன் பண்ணி முதல்ல சொன்னது, "அக்கா, நாப்பத்தேழுக்கா. வெல்லெஸ்லியோட சேத்து நாப்பத்தேழு". அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரல்ல. என் வீட்டுப் பிள்ளைங்க தொண்ணூறு வாங்குனப்பக் கூட நான் கேக்காத சந்தோஷம்.

அன்னைக்கு வரைக்கும் நான் செஞ்சுக்கிட்டு இருந்தத உதவின்னு தான் நெனச்சேன். இப்ப யோசிச்சா, அதுல பாதி எனக்காகச் செஞ்சது. கண் தெரியாத பொண்ணுக்கு எழுதிக் குடுக்குறேன்னு ஆபீஸ்ல நாலு பேரு மரியாதையா பாத்தாங்க, அது பிடிச்சிருந்துச்சு. அவ பாவம், நான் குடுக்குறவ, அந்த இடம் உயரமா இருந்துச்சு. அந்த உயரத்துல நின்னுக்கிட்டு தான் காரன்வாலிஸ்னு எழுதுனேன். அவ கேட்டது என் அறிவையோ கருணையையோ இல்ல, கைய மட்டும். நாலு மணி நேரம் என் கைய அவளுக்குக் குடுத்துட்டு, மத்ததெல்லாத்தையும் வாசல்ல செருப்போட விட்டுட்டு வரச் சொன்னா. சொல்றதுக்குச் சின்ன விஷயமாத் தெரியுது, எனக்கு அது வாழ்க்கைய ரெண்டா வகுந்த நாள். அதுக்கு முந்தி எழுதுனதுல வந்தத திருப்தின்னு சொல்லலாம். அதுக்கப்புறம் வந்ததுக்கு எனக்கு வேற பேரு வேணும்.

காசு பத்தி

இத எழுதும்போது காசு என்ன பெரிய காசுன்னு பேசுற தப்ப நான் பண்ணிரக் கூடாது. எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவரு. அம்மா வீட்லயே பெட்டி ஒட்டுவாங்க, நாங்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒட்டுவோம், பசை காஞ்சு விரலெல்லாம் வெடிச்சிருக்கும். வாரக் கடைசில கூலி வந்தா தான் கறி, வரலைன்னா ரசம். அந்த வீட்லருந்து வந்த யாரும் பணம் சந்தோஷத்தக் குடுக்காதுன்னு வாய் கூசாம சொல்ல மாட்டாங்க. முதல் மாசச் சம்பளத்துல அம்மாவுக்கு கேஸ் ஸ்டவ் வாங்கிக் குடுத்தப்போ அந்த வீட்டுக்குள்ள வந்த வெளிச்சம் காசு குடுத்த வெளிச்சம் தான். இல்லாதவங்களுக்கு அது சோறு, மருந்து, தூக்கம். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

ஆனா ஒரு அளவு தாண்டுனதுக்கப்புறம் அதோட குணம் மாறிப் போகுதுன்னு நான் என் வீட்லயே பாத்தேன். 2019ல எனக்கு ப்ரமோஷன், அந்த வருஷமே மேடவாக்கத்துல பிளாட் வாங்குனோம். சாவி கைக்கு வந்த அன்னைக்கு வெறும் தரைல படுத்து உருண்டோம் நானும் என் மகனும். ரெண்டு வாரம் இருந்துச்சு அந்த சந்தோஷம். அப்புறம் எதிர் பிளாட்காரங்க வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனேன், அவங்க மாடுலர் கிச்சன் போட்டிருந்தாங்க, வீட்டுக்கு வந்து என் கிச்சனப் பாத்தேன், ஏதோ கொறஞ்சு போச்சு. முந்தின நாள் வரைக்கும் கொறையாத கிச்சன். இது மாதிரி ஒவ்வொரு ஏப்ரல்லயும் அப்ரைசல் லெட்டர் வரும், என் சதவீதத்தப் பாத்து சந்தோஷப்பட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த சீட்டுக்காரங்களோட சதவீதம் காதுல விழும். காசு எப்பவும் என்கிட்ட உனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவுன்னு என்னைப் பத்தியே கேட்டுக்கிட்டு இருக்கு, நானும் நாள் பூரா என்னைப் பத்தியே பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன், அந்தச் சலிப்பு தான் மனுசன அரிக்குது, காசு இல்லன்னு நெனைக்கிறேன்.

கனடால ஒரு யுனிவர்சிட்டில 2008ல பண்ண ஒரு ஆய்வு இருக்கு, எலிசபெத் டன்னுங்குற உளவியல் பேராசிரியரும் அவங்க கூட இருந்தவங்களும் பண்ணது. காலைல ஆளுக்கு ஒரு கவர்ல அஞ்சு டாலரோ இருபது டாலரோ போட்டுக் குடுத்தாங்க. பாதிப் பேர் சாயங்காலத்துக்குள்ள அத தனக்குன்னு செலவு பண்ணணும், மீதிப் பேர் இன்னொருத்தருக்கு செலவு பண்ணணும். சாயங்காலம் கேட்டா, அடுத்தவங்களுக்குச் செலவு பண்ணவங்க தான் அதிக சந்தோஷமா இருந்தாங்க, அஞ்சா இருபதாங்குறதால பெரிய வித்தியாசம் இல்ல. நாப்பத்தாறு பேர வச்சுப் பண்ண சின்ன ஆய்வு தான், அத வச்சு உலகத்தையே அளக்க முடியாது. ஆனா அந்த அஞ்சுக்கும் இருபதுக்கும் வித்தியாசம் இல்லாம போன இடம் எனக்கு ரொம்பப் புரிஞ்சுது. அந்தச் சாயங்காலம் அவங்க தன் கணக்க கொஞ்ச நேரம் பாக்காம இருந்திருக்காங்க, அவ்வளவு தான்.

பாட்டியோட கண்ணு

கண்ணு பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு எங்க பாட்டி வராம இருக்க மாட்டா. நான் ஸ்கூல் படிக்கும்போது பாட்டிக்கு ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப் போச்சு. ஊருக்கு கண் முகாம் வந்துச்சு, மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரில இருந்து. பஸ்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயி, ஆபரேஷன் பண்ணி, சாப்பாடு போட்டு, திரும்ப ஊருல கொண்டு வந்து விட்டாங்க, ஒத்தப் பைசா வாங்கல. கட்டு அவுத்த மறுநாள் பாட்டி முதல்ல கேட்டது முறம். திண்ணைல கால நீட்டி உக்காந்து அரிசில கல்லு பொறுக்க ஆரம்பிச்சா. ரெண்டு வருஷமா அந்த வேலைய அம்மா தான் செஞ்சாங்க, சாப்பாட்டுல கல்லு கடிபட்டா பாட்டி ஒண்ணும் சொல்லாம துப்பிட்டுச் சாப்பிடுவா. அன்னைக்கு ஒவ்வொரு கல்லையும் எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்து பாத்துப் போட்டா.

அந்த ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச டாக்டர் ஜி. வெங்கடசாமி எங்க பக்கத்து ஆளு, எட்டயபுரத்துக்கிட்ட இருக்குற வடமலாபுரம். முப்பது வயசு வாக்குலயே முடக்குவாதம் வந்து கைவிரலெல்லாம் கோணிப் போச்சு அவருக்கு. அந்த விரலால கத்தி பிடிக்கிறதுக்குப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேல கண் ஆபரேஷன் தன் கையாலயே பண்ணியிருக்காரு. அரசு வேலைல அம்பத்தெட்டு வயசுல ரிட்டையர் ஆகி, 1976ல மதுரைல பதினோரு படுக்கையோட ஆரம்பிச்சாரு. காசு குடுக்க முடிஞ்சவங்க குடுக்குறதுல முடியாதவங்களுக்கும் சேத்து நடக்குற மாதிரி வச்சாரு. புரை எடுத்துட்டு உள்ள வைக்கிற லென்ஸ் வெளிநாட்டு விலைக்கு ஏழைங்களுக்கு எட்டாதுன்னு 1992ல அதையும் மதுரைலயே தயாரிக்க ஆரம்பிச்சாங்க. கல்யாணம் பண்ணிக்கல. 2006ல காலமாயிட்டாரு. நிறைய சம்பாதிச்சிருக்கலாமே, இதுல அவருக்கு என்ன கிடைச்சுதுன்னு எங்க அண்ணே மாதிரி யாராவது அவர்கிட்டயும் கேட்டிருப்பாங்க. எனக்கு அவர நெனச்சா அந்த விரல் தான் கண்ணு முன்னாடி வருது. அத்தனை கோணலான விரலு, வலிச்சிருக்குமே, அடுத்த கண்ணு, அடுத்த கண்ணுன்னு போயிருக்கு. அந்த நேரத்துல அவருக்குத் தன் விரல் ஞாபகமே வந்திருக்காதுன்னு எனக்குத் தோணுது. தோணுறது தான், ஆனா நாலு மணி நேரம் எழுதும்போது என் விரல் வலிக்கிறது எனக்குத் தெரியாம போறத வச்சு சொல்றேன். வலி எல்லாம் பேனாவ மூடுனதுக்கப்புறம் தான் வரும்.

அண்ணே, இது தான்னு நெனைக்கிறேன் எனக்குக் கிடைக்கிறது. அந்த ரூமுக்குள்ள நான் இருக்குறதில்ல. இஎம்ஐ கட்டணுங்குறவ, மாமியாரோட பேசாம இருக்குறவ, நாப்பது வயசாகுதே என்னத்த சாதிச்சோம்னு ராத்திரி முழிச்சுக்கிட்டு கிடக்குறவ, இவங்க யாருமே உள்ள வர்றதில்ல. இன்னொருத்தர் மனசுல ஒரு வாக்கியம் உருவாகுறத பக்கத்துல இருந்து கேக்குறேன், பாதில நிக்கும், உதடு மட்டும் அசையும், திரும்பிப் போயி வேற வழியா வரும், வந்ததும் என் கைல விழும். தன்னை மறந்து தூங்குறதுன்னு சொல்லுவோம்ல, அது மாதிரி தன்னை மறந்து முழிச்சிருக்குறது. எவ்வளவு காசு குடுத்தாலும் எனக்கு அது வேற எங்கயும் வாங்கக் கிடைக்கல.

அந்தப் பொண்ணு இப்ப வேலைல இருக்கா, கல்யாணம் ஆயிருச்சு. ஃபைனல் இயர் கடைசிப் பரிட்சை அன்னைக்கு அவ ஒண்ணு பண்ணா. விடைத்தாள கட்டிக் குடுக்குறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம்க்கான்னு வாங்கி, ஒவ்வொரு தாளா திருப்பி பின் பக்கத்த விரலால தடவிப் பாத்தா. பால்பாயிண்ட் பேனாவ அழுத்தி எழுதுவேன், அதனால பின்னாடி எழுத்தெல்லாம் மேடு தட்டியிருக்கும். "இவ்வளவா சொல்லியிருக்கேன்?"ன்னா. கடைசித் தாள் வரைக்கும் அவசரப்படாம தடவுனா. பிரெய்ல் தடவுற அதே விரல், ஆனா இத அவளால வாசிக்க முடியாது, எத்தனை வரி இருக்குன்னு மட்டும் தான் தெரியும். மேற்பார்வைக்கு இருந்தவங்க அவசரப்படுத்தல, நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க.

இப்பெல்லாம் கொஞ்சம் மாறியிருக்கு. 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துச்சு, 2018ல வந்த வழிகாட்டுதல்ல, சொந்தமா ஆள் கூட்டிட்டு வந்தா அவங்க பரிட்சை எழுதுறவங்கள விட ஒரு படி கீழ படிச்சவங்களா இருக்கணும்னு வச்சாங்க. அது நியாயம் தான், என்ன மாதிரி ஆளுங்க காரன்வாலிஸ் எழுதுறதுக்கு வழி அடைபடணும். ஆனா பி.ஏ. படிக்கிற பிள்ளைங்களுக்கு ஆள் கிடைக்கிறது இன்னும் கஷ்டமாச்சு, படிக்கிற வயசுப் பசங்களுக்கும் அதே நேரத்துல தான பரிட்சை இருக்கும். நான் இப்ப எம்.ஏ. பசங்களுக்குத் தான் பெரும்பாலும் போறேன். அண்ணே மக இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அண்ணன்கிட்ட கேக்கணும்.

அந்தத் திங்கக்கிழமை போனேன். பஸ்ல தூங்காத அசதி கண்ணுல இருந்துச்சு, கேள்வித்தாள வாசிக்க ஆரம்பிச்சதும் போயிருச்சு. தமிழ்நாட்டு விடுதலைப் போராட்டம் பத்துன பேப்பர். அவன் கண்ண மூடிக்கிட்டு, டெஸ்க்ல விரலால தாளம் மாதிரி தட்டிக்கிட்டே சொல்லுவான். "வீரபாண்டிய கட்டபொம்மன், கமா, 1801ஆம் ஆண்டு, கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், புள்ளி." சின்ன வயசுல திருநெல்வேலி போற பஸ்ல கயத்தாறு வந்தா எங்கப்பா என்ன மடில தூக்கி வச்சு ஜன்னல் வழியா சிலையக் காட்டுவாரு, 1799 அக்டோபர் பதினாறுன்னு சொல்லிக் குடுத்ததே அவரு தான். 1801 மருது சகோதரர்கள். எழுதுனேன். கேள்வி முடிஞ்சதும் வழக்கம் போல முழுசா வாசிச்சுக் காட்டுனேன், அந்த வருஷம் வந்த இடத்துல குரல ஏத்தாம எறக்காம, மத்த வரிய எப்படி வாசிச்சேனோ அப்படியே. அவன் விரல் தட்டுறது ஒரு நொடி நின்னுச்சு. நானும் காத்துக்கிட்டு இருந்தேன்.

"சரிக்கா"ன்னான். "அடுத்த கேள்வி."

தாளத் திருப்புனேன்.